வாரன் துரை பெயரில் எழுதிய கடிதங்கள்

மலாயாவில் கோத்தா திங்கிக்கு மேலே ஆற்றோரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அர்ச்சுனன் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். 1924இல் அங்கே மேனேஜராக வந்த வாரன் துரை அமெரிக்கர். சுற்றியிருந்த தோட்டத்துத் துரைமார்கள் கிரிக்கெட் பேசினார்கள். இவருக்கோ பேஸ்பால்தான் உயிர். பேச ஆளில்லாமல் அர்ச்சுனனைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்ததும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு முன்னால் இருவரும் பந்தை எறிந்து பிடிப்பார்கள்.

துரையிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் கைப்பட எழுதிய கடிதங்கள், கையெழுத்திட்ட படங்கள், கிழிந்த நுழைவுச் சீட்டுகள் எல்லாம் அதற்குள். ஒவ்வொருவருக்கும் எழுதிப் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து சேர்த்தவை. மலேரியாவில் கை நடுங்கத் தொடங்கிய பிறகு, துரை சொல்லச் சொல்ல அர்ச்சுனன் எழுதினார். வாரன் என்ற கையெழுத்தையும் அர்ச்சுனனே போட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் துரை இறந்துபோனார். தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். அமெரிக்காவிலிருந்த அண்ணன், காகிதங்கள் எதுவும் வேண்டாம் என்று எழுதிவிட்டார். புதிய துரை கொளுத்தச் சொன்னார். அர்ச்சுனன் அந்த டின்னைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பிறகும் துரை பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கோல், ஒரு காலத்தில் பேர்பெற்ற பந்துவீச்சாளர், விரல் ஒடிந்து ஆட்டத்தை விட்டவர். ‘அந்த ஆட்டங்களைப் பற்றி உங்களைத் தவிர இப்போது யாரும் கேட்பதில்லை. எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்’ என்றிருந்தது. துரை இறந்த செய்தியை எழுதத்தான் அர்ச்சுனன் உட்கார்ந்தார். பேனா ஓடவில்லை. வாரன் என்றே கையெழுத்திட்டு அனுப்பினார்.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒருமுறை கோல், தான் ஆட்டத்தில் போட்டிருந்த தோல் கையுறையையே அனுப்பிவைத்தார். கடிதங்களைப் படிக்கப் படிக்க அர்ச்சுனனுக்குள் பொங்கும் மகிழ்ச்சி, கடித உறைமேல் இருந்த துரையின் பெயரைப் பார்த்ததும் வடிந்துவிடும்.

கடைசியில், சிங்கப்பூருக்குக் கப்பலேறி உங்களைப் பார்க்க வருகிறேன் என்று கோல் எழுதினார். அர்ச்சுனன் மனைவி தனலெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“ஏங்க, அம்புட்டு தூரம் வந்து அந்த மனுசன் எதைப் பார்ப்பாரு? சமாதியையா?”

“அவரு மனசு ஒடிஞ்சிருமேன்னுதான் சொல்லாம இருந்தேன்.”

“அவரு மனசுக்காகவா? இல்ல, உங்களுக்குக் கடுதாசி வர்றது நின்னுருமின்னா?”

அர்ச்சுனன் பேனாவை எடுத்தார். அன்றே உண்மையை எழுதி, கீழே ‘தோட்டத்துக் கிராணி’ என்று மட்டும் போட்டார். கையுறையையும், துரை இறந்தபின் வந்த கடிதங்களையும் கட்டிக் கூடவே அனுப்பினார்.

கோல் கப்பலேறவில்லை. வெகுநாள் கழித்துப் பதில் வந்தது. ‘என் நண்பனுக்காக நான் அழுதிருக்க வேண்டும். அதை நீர் என்னிடமிருந்து பறித்துக்கொண்டீர்’ என்று கோல் எழுதியிருந்தார். கீழே ஒரே கேள்வி: ‘சாகும்போது அவர் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?’

நான் இருந்தேன் என்று அர்ச்சுனன் எழுதினார். காய்ச்சலில் துரை பிதற்றியது, பந்தைக் கேட்டு வாங்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டது, இரண்டு வாய்க் கஞ்சி குடித்தது, பிறகு அடங்கியது. எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, முதல்முறையாகத் தன் பெயரைப் போட்டார்.

அதற்குக் கடிதம் எதுவும் வரவில்லை. ஒரு புகைப்படம் மட்டும் வந்தது: இளவயதுக் கோல், பந்தை வீசக் கையை ஓங்கியபடி. ஓரத்தில் கோணல்மாணலான எழுத்தில் ‘அர்ச்சுனனுக்கு’ என்றிருந்தது. தனலெட்சுமி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஈரம் படாத இடமாகத் தேடி வைத்தாள்.