பெல்ட் இல்லாத காட்டுப்பூனை

முழங்கைக்குக் கீழே ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் இரண்டு முறை துடைப்பாள். மூன்றாம் முறை வெறும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள், மரக்கடையில் பலகை வாங்க வந்தவர் மாதிரி. பிறகு காதில் செருகிய ஊதாப் பேனாவை எடுத்து, வந்தவர் கேட்ட படத்தை அந்தத் தோலில் வரைவாள். அடுத்தது ஊசிதான் என்று வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும்போது பேனாவை மூடிவிடுவாள்.

"அவ்ளோதான். இதோட ஒரு வாரம் ஊருக்குள்ள நடமாடிட்டு வாங்க. அப்பவும் ஆசை இருந்தா குத்தலாம்."

இஷ்பெல் ஃபிளெட் எங்கள் போர்ட்கில்லன் துறைமுகத்தில் பச்சை குத்துகிறவள். முடிதிருத்தும் கடைக்கும், கயிறும் ரப்பர் பூட்ஸும் விற்கிற கடைக்கும் நடுவில் அவள் கடை. வயது ஐம்பத்திரண்டு. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி, மூன்றாவதைத் தேடிக்கொண்டே இருப்பாள். பேனா, ஆஸ்பத்திரியில் அறுவைக்கு முன் உடம்பில் குறி போடுவார்களே, அந்த வகை. சோப்புக்கு அசையாது, ஸ்பிரிட்டுக்குத்தான் மசியும். பத்தில் ஆறு பேர் திரும்பி வருவதில்லை. அதைத் தொழிலில் நஷ்டம் என்று அவள் நினைத்ததே இல்லை. வசந்தத்தில் படகுகளுக்கு வண்ணம் அடித்து மூக்கில் பெயர் எழுதுகிறவளும் அவள்தான். "படகுல தப்பு பண்ணா அடுத்த வருஷம் சுரண்டிட்டு எழுதிக்கலாம். மனுசனை எப்படிச் சுரண்டுறது?" என்பாள்.

கோடை வந்தால், ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் டொராண்டோவிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் வந்து கையை நீட்டுவார்கள். எல்லாருக்கும் பூர்வீகம் வேண்டும், அதுவும் உடம்பிலேயே வேண்டும். எங்கள் நாட்டுப் பூவான முள்பூவைக் கேட்டால் தகராறு இல்லை. ஒற்றைக்கொம்புக் குதிரை கேட்டால், எங்கள் அரச முத்திரையில் இருப்பதுபோல் கழுத்தில் சங்கிலியோடுதான் வரைவாள். சங்கிலி வேண்டாம் என்றால், "அப்ப அது பொறந்தநாள் கேக்குல இருக்கிற குதிரை. பேக்கரி எதிர்த்தாப்ல இருக்கு" என்று கையைக் காட்டுவாள். ஏரிக்குள் வாழும் நீர்க்குதிரை என்றால் வாயில் கடிவாளம் இருக்க வேண்டும். "கடிவாளம் இல்லாத நீர்க்குதிரை ஆளை ஏத்திக்கிட்டுத் தண்ணிக்குள்ள போயிரும். உங்க தோள், உங்க இஷ்டம்." கடலிலிருந்து வந்து தோலைக் கழற்றி வைத்துப் பெண்ணாகிற சீல்பெண்ணை ஒரு மெல்போர்ன் அம்மாள் கேட்டார். இஷ்பெல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அவ தோலை எங்க வரையட்டும்? அது படத்துல இல்லேன்னா அவ எப்படி வீட்டுக்குப் போவா?" என்றாள். அந்த அம்மாள் அழுதுவிட்டார். தோல் இடுப்புக்குப் போனது, பெண் தோள்பட்டைக்குப் போனாள்.

கடல்காரர் குடும்பத்துப் பெண் என்பதால் சால்மன் என்ற மீனின் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள், சொன்னால் படகுக்கு ஆகாது. சிவப்பு மீன் என்பாள். யாராவது சொல்லித் தொலைத்தால் தோஷம் போக மேசையோரத்து இரும்புப் பட்டறைக்குறட்டைத் தொட்டுக்கொள்வாள். நான் அந்த மீனைப் புகை போட்டு விற்றே கல்வீடு கட்டியவன். என் வண்டியின் பக்கவாட்டில் அந்தச் சொல் ஓர் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. "உங்க வண்டி தெருவுல திரும்பினாலே எனக்கு ஒரு கை வேலைக்கு ஆகாம போயிருது, மர்டோ" என்பாள்.

மர்டோ நான்தான். பள்ளிக்கூடம் எனக்குப் பதினான்கு வயதோடு சரி. இன்று மூன்று மீன் வண்டிகள், ஒரு புகைக்கூடம், அபர்தீன் வரைக்கும் வாடிக்கை. இத்தனை இருந்தும் ஊரில் என் பெயர் குடல் மர்டோ. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குலப்பெயர், அதனால் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் உண்டு. என் தாத்தா மீன் குடல் எடுத்தார், அப்பா எடுத்தார், நானும் எடுத்தேன். மேயர் என்னோடு கை குலுக்கினால் பக்கத்தில் நிற்பவரிடம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்கிறார்.

இந்த ஆண்டு விளையாட்டு விழாவுக்கு என்னை அன்றைய தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டம்போட்ட கில்ட் பாவாடை அணிந்து மேடையில் நின்று, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் கல்லை எறிந்து விழாவைத் தொடங்கி வைப்பது அந்த ஆளின் வேலை. அந்த ஒரு நாளாவது குடலாக இல்லாமல் நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. சுருட்டிய கையில் எங்கள் குலச்சின்னம் தெரிந்தால் யார் வாயில் அந்தப் பெயர் வரும் என்று கணக்குப் போட்டேன். விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இஷ்பெல்லிடம் போய்க் கையை வைத்தேன்.

எங்கள் சின்னம், முன்கால் தூக்கிய காட்டுப்பூனை.

"சுத்தி பெல்ட்டும் பக்கிளும் போட்டுரட்டுமா?" என்றாள்.

"பெல்ட் வேண்டாம்."

"பெல்ட் இல்லாம வரைஞ்சா அது குலத்தலைவரோட சின்னம். அவங்க ஒருத்தருக்குத்தான் அது. பெல்ட் போட்டா, நான் அவங்க ஆளுன்னு அர்த்தம். மத்த எல்லாருக்கும் அதான்."

"நான் எவருக்கும் ஆள் இல்ல. பதினாலு வயசுல ஐஸ் பெட்டிக்குள்ள கையை விட்டவன். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்ட கை நீட்டினது கிடையாது."

"இப்ப நீட்டியிருக்கீங்க. ஆட்டாதீங்க."

நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. கேட்டபடியே வரைந்தாள், பெல்ட் இல்லாமல். மீசை முடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. பேனாவை மூடி, பாலும் சர்க்கரையும் காய்ச்சி வெட்டிய வில்லை ஒன்றை என் கையில் வைத்து, "மயக்கம் வர்றவங்களுக்குக் குடுக்கிறது. உங்களுக்கு இந்த வாரம் தேவைப்படும்" என்றாள்.

வீட்டில் நெட்டா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். நாற்பத்தோரு வருஷமாக என் மனைவி.

"மீன்காரன் கையில பூனையா? யாருய்யா உனக்கு இந்த யோசனை சொன்னது?"

குளிக்கும்போது படம் அழியாமல் இருக்க, மீனுக்குச் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளைக் கையில் சுற்றிக்கொண்டேன். "எடை போட்டு லேபிளும் ஒட்டிரவா?" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை வண்டியில் போனபோது ஊருக்கு ஊர் இதே கதை. "உன் பூனை நல்லா கொழுத்திருக்கே மர்டோ, எடைக்கல்லுல கை வைக்கிறது இதுதானா?" என்றார் ஒரு கிழவர். எனக்கு அறுபத்தெட்டு, அவருக்கு எண்பத்தெட்டு, அதனால் கிழவர். நான் அசரவில்லை. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இல்லாததையெல்லாம் பொறாமை என்று எடுத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

புதன்கிழமை வண்டி நிற்கும் இடம் பெரிய மாளிகையின் வாசல். அங்கே இருப்பவர் ஃபெனெல்லா அம்மாள், ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், எங்கள் குலத்தலைவி. நாற்பது அறைகளில் மூன்றில் மட்டும் வாழ்கிறார். ரப்பர் பூட்ஸோடு தட்டை எடுத்து வந்து இரண்டு ஹாடக் மீன் வாங்குவார். அன்றைக்கு மட்டும் முழுக்கைச் சட்டையை இறக்கி விட்டுக்கொள்ள வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்திருந்தேன். தராசு முன்னால் நின்றதும் ஐம்பது வருஷப் பழக்கம், கை தானாகச் சட்டையைச் சுருட்டிவிட்டது.

அவர் கண்ணாடியைப் போட்டார். கன்றின் முன்னங்காலைப் பிடிப்பது மாதிரி என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"நல்லா வந்திருக்கு. காதுதான் கொஞ்சம் பெரிசு." சுற்றிலும் விரலால் ஒரு வட்டம் போட்டார். "பெல்ட்டைக் காணோமே. அப்ப இனிமே நீங்கதான் தலைவரா?"

மற்றக் கையால், துடைத்த தராசையே மறுபடி துடைத்தேன்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. எனக்கு எழுபத்தெட்டு. வடக்குப் பக்கம் கூரை ஒழுகுது, மூணு வாளி வச்சிருக்கேன், ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சு ஊத்தணும். கல்லறைத்தோட்டத்துச் சுவர் சரிஞ்சு கிடக்கு. வெள்ளிக்கிழமை கனடாவுல இருந்து நாப்பது பேரு பஸ்ல வர்றாங்க, நம்ம குலம்னு. ஒவ்வொருத்தருக்கும் அவங்க முன்னோர் குடியிருந்த இடத்தைக் காட்டணும். பாதிப் பேருக்கு அங்க ஆட்டுப்பட்டிதான் இருக்கும். அழுவாங்க. அழுதா டீ குடுக்கணும். நீங்க எப்போ வந்து சாவி வாங்கிக்கிறீங்க?"

"அம்மா, இது பேனாதான்."

"தெரியும். இஷ்பெல் கை எனக்குத் தெரியாதா?" என்று தட்டை நீட்டினார். அதில் இரண்டு மீனை வைத்தேன். மூன்றாவதையும் வைத்தேன், ஏன் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நாற்பது பேருக்கும் புகைமீன் சூப் காய்ச்சிக்கொண்டு மாளிகைக்குப் போனேன். உதவி என்று நினைத்துவிடாதீர்கள், நாற்பது பேருக்குச் சமைக்க இந்தக் கரையில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று காட்டத்தான் போனேன். ஃபெனெல்லா அம்மாள் மழையில் நனைந்தபடி ஒவ்வொருவரையும் அவர்கள் முன்னோர் வீடு இடிந்து கிடந்த கல்குவியலுக்கு அழைத்துப் போய், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது முறை நின்றார். நான் கூடத்திலிருந்த வாளியை ஊற்றினேன். ஊற்றி வைத்துத் திரும்புவதற்குள் மறுபடியும் பாதி நிறைந்திருந்தது. சூப்பைக் கொடுக்கும்போது அவர், "இவர் குடல் மர்டோ. மூணு தலைமுறையா அந்தப் பேரு" என்று என்னைக் காட்டினார். கனடாக்காரர்களில் ஒருவர் குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டு, "எங்க வீட்டுக்கு அப்படி ஒரு பேரு இருந்துச்சா?" என்று ஏக்கத்தோடு கேட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சூப் நன்றாக இருந்தது, அதை எல்லாரும் சொன்னார்கள்.

சனிக்கிழமை, ஏழாவது நாள், இஷ்பெல் கடை. முடிதிருத்துகிறவர் நடுக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கத்தரியோடு எட்டிப் பார்த்தார். அவர் நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு ஒருவர் இருந்தார், அவரும் பார்த்தார்.

கையை மேசையில் வைத்தேன். பூனை கொஞ்சம் மங்கியிருந்தது.

"ஆசை இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"இப்படியேவா?"

"சுத்தி வெறுமையாத் தெரியுது," என்றேன். "பார்வைக்குத்தான் சொல்றேன். ஒரு பெல்ட்டைப் போட்டுடு."

முடிதிருத்துகிறவர் கடைக்குள் திரும்பிப் போய்ச் சிரித்தார். இஷ்பெல் சிரிக்கவில்லை. யார் சொன்னது, என்ன நடந்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை. ஊரே வாரம் முழுக்கப் பேசியதை அவள் கேள்விப்படாமலா இருந்திருப்பாள். தலைக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினாள். பூனையைச் சுற்றி வட்டமாகப் பெல்ட்டை வரைந்தாள். தையல் ஒவ்வொன்றாகப் போட்டாள். வலப்பக்கம் பக்கிள், அதற்குள் நுழைந்து கீழே தொங்கும் நுனி, நுனியில் ஐந்து துளைகள். பக்கிளின் முள்ளை மூன்றாவது துளையில் இறக்கினாள்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். குனிந்து மேசை விளிம்பில் இடித்துக்கொண்டிருந்த என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு ஒரு துணுக்குப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, அந்த முள்ளை மட்டும் துடைத்துவிட்டு, நுனியை ஒட்டிய கடைசித் துளையில் வரைந்துவிட்டு, ஊசியை எடுத்தாள்.