துடக்கு நாளில் அளந்த அடுப்பு

இவர் ஓய்வுபெற்ற முதல் குளிர்காலத்தில், லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு விறகு அடுப்பு பூட்ட வேண்டும் என்ற ஆசை இவருக்கு வந்தது. இவர் என்றால் என் கணவர். கல்யாணமான நாளிலிருந்து நான் வைத்திருக்கும் பெயர் அதுதான்.

"இஞ்சேரும், முன்னறையில ஒரு விறகடுப்பு பூட்டினால் என்ன?"

"அடுப்போ? குசினியில ஒண்டு நிக்குது. அதுக்கு முன்னால ஒருநாளும் உங்களைக் கண்டதில்லை. முதல்ல அதைப் பழகுங்கோவன்."

"அது வேற, இது வேற. இது கண்ணாடிக் கதவு வைச்சது. நெருப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்."

"நெருப்பில பார்க்க என்ன கிடக்கு? அது எரியும். அவ்வளவுதான்."

இவர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். இவர் பேசாமல் இருந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். இவருடைய ஆசைகள் எல்லாம் அப்படித்தான். ஒருதரம் வெளியே எட்டிப் பார்க்கும். யாராவது முகத்தைச் சுளித்தால் உள்ளே ஓடிவிடும். நல்லதாக ஒரு கமரா வாங்க நினைத்தார், பிள்ளைகளோடு சேர்ந்து நீச்சல் பழக நினைத்தார், ஒருதரம் மிருதங்க வகுப்பைக்கூட விசாரித்துவிட்டு வந்தார். எல்லாமே "பரவாயில்லை, விடும்" என்ற இரண்டு சொல்லில் போயின. இருபத்திரண்டு வருடம் உறைந்த மீன் வைக்கும் களஞ்சியத்தில் வேலை செய்த மனிதர். கோடையிலும் இரண்டு சோடி காலுறை போடுவார். ஆனால் குளிருது என்று வாய் திறந்து சொன்னதே இல்லை. அதனால், மூன்றாம் நாளும் இவர் அடுப்புக் கதையை எடுத்தபோது நான் உண்மையிலேயே திகைத்துப் போனேன்.

ஒரு சிக்கல் இருந்தது. முன்னறையில், முந்தி நெருப்பு மூட்டச் சுவருக்குள் கட்டியிருந்த அடுப்புக்குழியின் இடம்தான் எங்கள் சாமித்தட்டு. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் குழியைப் பலகை அடித்து மறைத்து, அதற்கு முன்னால், குழியைச் சுற்றியிருந்த மரச்சட்டத்தின் அகலத்துக்கு ஒரு தட்டு வைத்து, பிள்ளையார், முருகன், லட்சுமி எல்லோரையும் குடியேற்றி, சரிகைக் கரை வைத்த திரையும் போட்டவள் நான். பதினெட்டு வருடமாக அந்தக் குழியை யாரும் கண்ணால் காணவில்லை.

"சாமியை எங்க வைக்கிறது?" என்றேன்.

"மேல மகன்ரை அறை சும்மாதானே கிடக்கு."

"விடியவும் பின்னேரமும் விளக்கேத்த நான் படியேறவோ? என்ரை முழங்கால் உங்களுக்கு என்ன செய்தது?"

முழங்கால் நோவு உண்மைதான். ஆனால் தட்டுக்குப் பக்கத்திலேயே டிவி நிற்கும் மூலை இருந்தது. சாமியை அங்கே வைத்துவிட்டு டிவியை மாடிக்கு அனுப்பியிருக்கலாம். அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. என் நாடகங்கள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். அதற்கு ஏறிப்போக முழங்கால் விடாது.

கடைசியில் சரி என்றேன். சொன்னால் வெட்கம்: எப்படியும் வழக்கம்போல இவர் இடையில் விட்டுவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் சரி என்றேன். இவர் விடவில்லை. நார்வேக்காரர் விறகு அடுக்கும் வீடியோக்களைப் பார்த்தார். லண்டனில் புகைக்குக் கட்டுப்பாடு, அங்கீகரித்த அடுப்பிலேதான் விறகு எரிக்கலாம் என்று கவுன்சில் ஆள்போல எனக்கு வகுப்பு எடுத்தார். விறகில் குத்தி ஈரம் பார்க்கும் ஒரு சின்னக் கருவி வாங்கினார். குத்த விறகு இல்லாததால் என் பூசணிக்காயைக் குத்திப் பார்த்தார். கருவி கூவியதாம்.

அந்த நேரம் பார்த்து இலங்கையில், ஊரில், இவருடைய பெரியப்பாவின் மகன் மோசம் போனார் என்று சாவுச் செய்தி வந்தது. அண்ணை முறை. முப்பத்தோராம் நாள் வரை எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. திரையை இழுத்து மூடினேன். விளக்கு இல்லை, பூ இல்லை, தட்டில் கை வைக்கக்கூடாது. அடுப்புக் கடையிலோ விலைக்கழிவு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

இவர் என்ன செய்தார் தெரியுமா? தட்டைத் தொடாமல், திரைக்கு வெளியே நின்றபடி, மரச்சட்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை அளந்தார். திரை மடிப்புக்கு என்று இரண்டு அங்குலம் கழித்தார்.

"வடிவாய் அளந்தனீங்களோ?"

"இருபத்தினாலு அங்குலம். என்ன, நான் சின்னப்பிள்ளையே?"

ரொம்ஃபோர்ட் பக்கக் கடையில் நின்ற பெண் நல்ல பிள்ளை. கடையின் ஆள் ஒருவர் வந்து குழியைப் பார்க்கட்டுமே என்றாள். துடக்கு வீட்டில், சப்பாத்துக் காலோடு ஒரு வெள்ளைக்காரன் வந்து எங்கள் பிள்ளையாரைத் தூக்கி வைப்பதா? "நோ நோ, ஐ மெஷர்ட்" என்றார் இவர். உங்கள் அறைக்கு ஐந்து கிலோவாட் போதும், சுவருக்குள் செருகும் இன்செர்ட் சின்ன இடத்துக்கு நல்லது என்றும் சொன்னாள். நாங்கள் கேட்போமா? பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கும்போதே ஒரு அளவு பெரிதாக வாங்கும் ஆட்கள் நாங்கள். நான்கு கால் வைத்த பெரிய அடுப்பு ஒன்றைக் காட்டி, "இதுதான்" என்றார் இவர். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதிகம் கண்டதில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வீடு கழுவி, சாமிகளை ஒவ்வொருவராக மாடிக்குக் கொண்டுபோனேன். அடுத்த நாள் அடுப்பும் பூட்டுகிற ஆளும் வந்தார்கள். நரைத்த தலை, தொப்பி, நிதானமான பேச்சு. தட்டை அகற்றிப் பலகையைக் கழற்றினார். உள்ளே பதினாறு அங்குலத்தில், வளைந்த செங்கல் வைத்த ஒரு குட்டிக் குழி. அதற்குப் பக்கத்தில் எங்கள் அடுப்பு பெட்டிக்குள் யானைபோல நின்றது.

இடித்துப் பெரிதாக்க முடியாது, மேலே தாங்கும் கல் மிகவும் தாழ்வாகப் பதிந்திருக்கிறது என்றார் அவர். பிறகு மரியாதையாகக் கேட்டார், யார் இதை அளந்தது என்று.

இவர் தரையைப் பார்த்தார். நான் என் ஆங்கிலத்தில் விளக்கினேன்: இலங்கையில் இவருடைய அண்ணன் இறந்துவிட்டார், அதனால் அளக்க முடியவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றி, தன் அனுதாபங்களைச் சொன்னார். பிறகு, மன்னிக்க வேண்டும், அதற்கும் அளவுநாடாவுக்கும் என்ன தொடர்பு என்றார்.

அடுத்த வீட்டு மதுரை டொக்டர் அம்மாவுக்கு இதைப் பிறகு சொன்னபோது, "எங்களுக்கு ஏது தீட்டு? ஒரு குரல் கொடுத்திருந்தா நானே வந்து நகர்த்தி அளந்து கொடுத்திருப்பேனே" என்றார். இவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முப்பத்தொரு நாளில் இந்தப் புத்தி ஒருவருக்கும் வரவில்லை.

ஆனால் அடுப்பு வந்த அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கடை திருப்பி எடுக்கும், இந்தக் குழிக்கென்றே இன்செர்ட் இருக்கிறது என்று அந்த மனிதர் சொல்லச் சொல்ல, இவர் கையை அசைத்தார்.

"பரவாயில்லை, விடும். சாமியைத் திரும்ப வைப்பம்."

எனக்குச் சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது? விறுவிறு என்று மாடிக்கு ஏறினேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், இவர் முழந்தாளில் நின்று குழிக்குள் விழுந்த கரியைக் கூட்டி அள்ளி, பலகையைத் துடைத்துத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தார். சாமி இருக்கப்போகிற இடம் என்று மூலை மூலையாகத் துடைத்தார்.

"கவலையே?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன கவலை? ஆசைப்பட்டுப் பார்த்தன், காணும்."

காணுமாம்! போதுமாம்! எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. முதலில் இவர் மேல். பிறகு, பிள்ளையாரை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் படியிறங்கி வந்த என் மேல். இந்த மனிதர் வாழ்நாளில் தனக்கென்று விடாமல் கேட்ட ஒன்றே ஒன்று. அது கிடைக்காமல் போனதில் நான் மகிழ்ந்திருக்கிறேன். வெட்கத்தில் முகம் சுட்டது.

"அந்தப் பலகையை வையுங்கோ கீழ" என்றேன். நான் போட்ட சத்தத்தில் தொப்பிக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். "டிவியைக் கழட்டுங்கோ. சாமி அந்த மூலைக்கு வரட்டும்."

"அப்ப உம்மடை நாடகம்?"

"அதில ஒருத்தி ரெண்டு வருசமாய் ஆஸ்பத்திரியில மயங்கிக் கிடக்கிறாள். நான் பார்க்காட்டி எழும்பமாட்டாளோ?"

அளவுநாடாவை வாங்கி நானே அளந்தேன். அகலம், உயரம், ஆழம். கடைக்கும் நானே கூட்டிக்கொண்டு போனேன். இந்தமுறை அந்தப் பெண் சொன்னதையே வாங்கினோம்: ஐந்து கிலோவாட், ஒரு சின்னக் கண்ணாடிக் கதவு, சுவரோடு சுவராக. இரண்டு கிழமையில் பூட்டியாயிற்று. புதிதாக எது வந்தாலும் சந்தனப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அடுப்பின் நெற்றியிலும் வைத்தேன். சூடேறியதும் அது கருகி வீடெல்லாம் மணத்தது.

முதல் நெருப்பு சின்னதாக இருக்க வேண்டுமாம். இவர் சுள்ளிகளை எண்ணி எண்ணி வைத்துப் பற்றவைத்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். நெருப்பில் பார்க்க என்ன இருக்கிறதோ, ஒரு மணித்தியாலம் இவர் கண் எடுக்காமல் பார்த்தார். மூன்று விறகு எரிந்து தணிந்தது. எழும்பி, கதவின் பிடியைச் சரிபார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் மூட்டட்டே?"

தன் வீட்டில், தன் அடுப்புக்கு, என்னிடம் உத்தரவு கேட்கிறார். ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு, நாளைக்கென்று இன்னும் மூன்று விறகை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கினேன்.