பெற்றவர்: ஐயா

"அக்கா, நீங்க காலேஜுங்களா?" என்று செல்போனில் ஒரு குரல் கேட்டது. படூரில் எங்கள் குடியிருப்பு வாசலில், மகளின் பள்ளி வேனுக்காக நின்றுகொண்டிருந்தேன். எந்தக் காலேஜ் என்று எரிச்சலாகத்தான் கேட்டேன். "அப்பா டைரியில இந்த நம்பருக்கு நேரா காலேஜுன்னுதான் கீது. பேரு தெரியல. அப்பா காலைல தவறிட்டாரு." என்னை அப்படிக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். தேவசகாயம் அண்ணன்.

செங்கல்பட்டில் எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு மனுவோடு போன யாருக்கும் அவரைத் தெரியும். நுழைந்ததும் இடப்பக்க மேசை. "உக்காரு, தண்ணி குடி, அப்பால சொல்லு" என்பார். மனு போய்ச் சேர்ந்ததும், நகலின் மூலையில் சிவப்புப் பென்சிலால் 'நேரில் அளிக்கப்பட்டது' என்றும், பெற்றவர் யார் என்றும் எழுதிவைப்பார். தொண்ணூறுகளின் கடைசியில், கல்லூரி மாணவியாக இரண்டு மாதப் பயிற்சிக்கு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

போன முதல் வாரமே தலை சுற்றிவிட்டது. அங்கே எல்லாரும் ஐயா. எம்.எல்.ஏ. ஐயா, கலெக்டர் ஐயா, தாசில்தாரும் ஐயா. "ஐயா வந்ததும் ஐயா கூப்பிட்டாருன்னு சொல்லு" என்றால் நான் யாரிடம் போய் எதைச் சொல்வது? தாசில்தாரின் டிரைவருக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்தேன். தாசில்தாரை மனு கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்காரவைத்தேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா காலேஜு, வெள்ளச் சட்டையப் பாத்து ஏமாந்துகினு கீற? யாரு உக்காருன்னா எல்லாரும் உக்கார்றாங்களோ, அவருதான் ஐயா."

ஒரு நாள், மாமல்லபுரம் கடற்கரை விருந்தினர் மாளிகைக்குப் புதிதாகப் பதவியேற்ற அமைச்சர் வந்தார். கிளம்புவதற்கு முன் அண்ணன் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். அச்சரப்பாக்கம் பக்கத்தில் அவருடைய காலனிக்குப் பட்டா கேட்கும் மனு. அவருடைய அப்பா கூலி வேலை செய்த காலத்தில் போட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கும் பட்டா கிடையாது. சாலையை அகலப்படுத்த அளந்துகொண்டிருந்தார்கள். பட்டா இல்லாவிட்டால் தெருவோடு வெளியேற வேண்டியதுதான். நீங்களே கொடுக்கலாமே என்றேன். "நான் குடுத்தா, நம்ம தேவசகாயம்தானே, அப்பால பாத்துக்கலாம்னு என் கையிலயே திருப்பிக் குடுப்பாங்க. நீ புதுசு. நீ குடுத்தா அவங்க படிச்சுத்தான் ஆவணும்." என் முகத்தைப் பார்க்காமல்தான் இதைச் சொன்னார்.

அமைச்சரின் முகத்தைச் சுவரொட்டியில் தபால்தலை அளவில் பார்த்ததோடு சரி. கூடம் நிறையப் பெரிய மனிதர்கள் நின்றார்கள். அப்போது பளீரென்ற வேட்டி சட்டையில் ஆஜானுபாகுவாக ஒருவர் வந்தார். "ஐயா, ஆச்சுங்களா?" என்று நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்தார்கள். "அஞ்சு நிமிஷம். எல்லாரும் உக்காருங்க" என்றார். கலெக்டர் உட்பட அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஓடிப்போய் மனுவைக் கொடுத்தேன். அவர் சற்றுத் திகைத்துவிட்டு, பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டார். ஐந்து நிமிடம் கழித்து இலை போட்டார்கள். அந்த ஐயா சாம்பார் வாளியோடு வந்தார். உள்ளறையிலிருந்து ரப்பர் செருப்போடு வந்த குள்ளமான மனிதரைக் கண்டு எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர்தான் அமைச்சர்.

திரும்பும்போது ஜீப்பில் அண்ணன் கேட்டார்: "ஐயா கையிலதானே குடுத்த?" "ஆமாண்ணா, ஐயா கையிலதான்" என்றேன். பொய் என்றும் சொல்ல முடியாது. அவர் வெளியே பார்த்துக்கொண்டே "சரி" என்றார். ஒரு தெருவையே கவிழ்த்துவிட்டோமே என்று வீடு போய் அழுதேன்.

ஆனால் இரண்டு வருடம் கழித்துப் பட்டா வந்துவிட்டது! எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் செய்வார். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்ல வாயெடுத்து, வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவேன். எத்தனை கோழைத்தனம்!

அடக்கம் முடிந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் காலேஜா? உன்னாலதான் பட்டா வந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினே இருப்பாரும்மா." அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மனுவைச் சமையல்காரரிடம் கொடுத்ததை அழுதுகொண்டே சொன்னேன். அண்ணி அழுகையினூடே சிரித்துவிட்டார். "அது தெரியுமே! ஜீப்பு கெளம்புறதுக்கு முன்னாடியே அந்தாளு இவரு கையில கொண்டாந்து குடுத்துட்டாரே."

அப்படியானால் ஜீப்பில் என்னைக் கேட்டபோதே மனு அவர் பையில் இருந்திருக்கிறது. பிறகு யாரிடம் கொடுத்தார்? "எனக்கு இன்னா தெரியும்? உன்னாலன்னுதான் சொன்னாரு" என்றார் அண்ணி. என்னைக் காப்பாற்றினாரா, கேலி செய்தாரா, உண்மையிலேயே அப்படி நம்பினாரா? நேரில் கேட்டிருக்கலாம். இனி யாரைக் கேட்பது, அண்ணா?

பைபிளுக்குள்ளிருந்து நான் அன்று கொடுத்த அதே மனுவை எடுத்து அண்ணி என்னிடமே கொடுத்துவிட்டார். அது இப்போது என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் சாம்பார்க் கறை. மூலையில் அவருடைய சிவப்புப் பென்சில்: 'நேரில் அளிக்கப்பட்டது. பெற்றவர்: ஐயா.'

எந்த ஐயா என்று எழுதவில்லை.