ஃபிட்டர் ஏறாத விமானம்

1. திடலின் வழக்கம்

புது பைலட்டை வேலைக்கு எடுக்கும் நாளில், எஞ்சினைப் பூட்டிய ஃபிட்டரும் கூடவே பறக்க வேண்டும். கோலாலம்பூர் சுங்கை பீசி விமானத் திடலில் எங்கள் கம்பெனி வைத்திருந்த வழக்கம் அது. வேறு எந்தத் திடலிலும் இப்படிக் கட்டாயம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

சின்னக் கம்பெனிதான். இரட்டை இறக்கை, இரட்டை எஞ்சின் வைத்த ஆகாயக் கப்பல்கள் இரண்டு. மெயில் பையும் ஏழெட்டுப் பயணிகளும் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போய்வரும். பைலட்டுகள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். பத்திரிகையில் விளம்பரம் பார்த்துத் தந்தி அடித்துவிட்டுக் கப்பலேறி வருவார்கள். தோல் கோட்டு போட்டுக்கொண்டு வந்து இறங்குவார்கள். இரண்டாம் நாள் வெக்கை தாங்காமல் அந்தக் கோட்டு ஆணியில் தொங்கும்.

அவர்களுக்கு ட்ரையல் வைப்பவர் எங்கள் சீஃப் பைலட். பெரிய கேப்டன் என்போம். முதல் உலக யுத்தத்தில் பறந்தவர். நரைத்த மீசை, அணைந்தே கிடக்கும் பைப்பு. புது ஆள் மூன்று முறை திடலைச் சுற்ற வேண்டும். ஒரு முறை எஞ்சின் வேகத்தை அடியோடு குறைத்துவிட்டு, பருந்து இறங்குவதுபோல் இறங்க வேண்டும். கடைசியாக, ஈயம் தோண்டிவிட்ட குட்டைகள் கிடக்கும் பக்கத்திலிருந்து வந்து இறங்க வேண்டும். அந்தப் பக்கத்துக் காற்றுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏறினால் அது மேலே தூக்கும். குட்டைக்கு மேல் வந்ததும் கைவிடும்.

கேப்டன் கீழே நின்று பார்ப்பார். நான் பைலட்டுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். இறங்கியதும் அவர் பைலட்டிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். நேரே என்னிடம் வந்து பாசார் மலாயில், கடைத்தெரு மலாயில், கேட்பார்: எஞ்சின் என்ன சொன்னது?

எஞ்சினைப் பூட்டியவன் எஞ்சினுக்குப் பின்னால் உட்காரட்டும், அப்போதுதான் இரண்டு பேருக்கும் பொறுப்பு வரும் என்பது அவருடைய கட்சி. எனக்கு அதில் ஆட்சேபணை இருந்ததில்லை. சொல்லப்போனால் ட்ரையல் என்றாலே முதல்நாளே சட்டையைச் சலவை செய்து வைத்துக்கொள்வேன். பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர்களில் மேகத்தின் முதுகைப் பார்த்தவர் எத்தனை பேர்? கீழே கோலாலம்பூர் ஒரு கைக்குட்டையாகச் சுருங்கும். கிள்ளான் ஆறு யாரோ உதறிப்போட்ட பழுப்பு நாடாவாகக் கிடக்கும். எஞ்சின் என் தொடை எலும்புக்குள் பாடும். அந்தப் பாட்டை அதற்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

2. ரயில்வேயை விட்ட கதை

என் தகப்பனார் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். நான் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். எஞ்சின் ஊதினால்தான் தூங்கும் குழந்தை என்று அம்மா சொல்வார். செந்தூல் ரயில்வே வொர்க்ஷாப்பில் ஃபிட்டர் ஆனேன். குவாட்டர்ஸ் கிடைத்தது, கல்யாணத்துக்குப் பெண்ணும் கிடைத்தது. ரயில்வே மாப்பிள்ளை என்று சொல்லித்தான் தெய்வானையைக் கட்டிவைத்தார்கள்.

ஒருநாள் வொர்க்ஷாப் கூரைக்கு மேலே ஓர் ஆகாயக் கப்பல் தாழப் பறந்தது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். என்னால் குனிய முடியவில்லை. தண்டவாளம் போட்ட வழியில் மட்டுமே போகும் வண்டிக்கு இத்தனை நாள் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தோமே என்று மனம் அடித்துக்கொண்டது. அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன்.

குவாட்டர்ஸ் போயிற்று. சீனன் சலவைக்கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தோம். மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். தெய்வானை மட்டும் திட்டவில்லை. “காத்துல வேலன்னு சொன்னீங்க, சம்பளமாச்சும் தரையில குடுப்பாங்களா?” என்று ஒரு தடவை கேட்டாள். அத்தோடு விட்டாள்.

சம்பளம் தரையில்தான் கொடுத்தார்கள். ஆனால் நாள் கூலி. நானும், என்னோடு வேலை பார்த்த ஆ செங்கும் திடலில் ஃபிட்டர்கள். இரண்டு பேருக்குமே அக்ரிமெண்ட் கிடையாது. அது பெரிய குறையாக அப்போது படவில்லை.

3. கிள்ளானில் ஒரு பெட்டி

வடக்கே இன்னொரு கம்பெனியின் திடலில் ஒரு விமானம் மரங்களில் மோதி விழுந்தது. எஞ்சின் கோளாறு பார்ப்பதற்காக ஃபிட்டரும் அன்று கூடப் போயிருந்தான். பைலட்டும் போனான், ஃபிட்டரும் போனான். அந்த ஃபிட்டர் கிள்ளான்காரன். செந்தூலில் என் பக்கத்து பெஞ்சில் வேலை பார்த்தவன். துக்கம் கேட்க நானும் தெய்வானையும் ரயிலேறிப் போனோம். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். வரவேண்டாம் என்றேன்; கேட்கவில்லை.

பைலட்டின் மனைவிக்கு அக்ரிமெண்டில் எழுதியபடி எல்லாம் கிடைத்துவிட்டதாம். ஊருக்குப் போகக் கப்பல் டிக்கட்டும் வந்துவிட்டதாம். ஃபிட்டர் வீட்டுக்கு வந்தது ஒரு மூட்டை அரிசியும் அவனுடைய ஸ்பேனர் பெட்டியும். பெட்டி வாசல் ஓரத்தில் இருந்தது. அதை உள்ளே கொண்டுபோக அந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

திரும்பும் ரயிலில் தெய்வானை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். பிரிக்பீல்ட்ஸ் நெருங்கும்போது திரும்பினாள்.

“என்னங்க, ஒங்க ஸ்பேனர் பொட்டி வந்துச்சுன்னா எங்க வைக்கிறதுன்னு இப்பவே சொல்லிட்டுப் போங்க. நமக்கு ஒரே ரூம்புதான்.”

கோபமாகக் கேட்கவில்லை. வீட்டுச் சாமான் பற்றிக் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

4. கீழே நின்றேன்

மறுநாள் ஆபீஸில் எங்கள் கிராணியாரைப் போய்ப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், டைப் அடிக்கிற வேலை முழுக்க அவருடையது. பைலட்டுகளின் அக்ரிமெண்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். வருஷக் கணக்கு, லீவு, வைத்தியம், வேலையில் உயிர் போனால் குடும்பத்துக்கு ஈடு, ரிட்டயர் ஆனால் சொந்த ஊருக்குக் கம்பெனி செலவில் பயணம் என்று விரல் விட்டுச் சொன்னார். ஃபிட்டருக்கு என்றேன். ஃபிட்டருக்கு அப்படி ஒரு ஃபாரமே அச்சடிக்கவில்லை என்றார்.

மானேஜர் துரையிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை பார்க்கலாம் என்றார். இரண்டாம் முறை, வெளியே ஸ்பேனர் பிடிக்க ஆள் வரிசையில் நிற்கிறது என்றார்.

அந்தச் சமயம் பெரிய கேப்டனுக்கு ரிட்டயர் ஆகும் நாள் வந்தது. அவர் இடத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு புதுத் துரை வந்தார். கேப்டன் வைக்கப்போகும் கடைசி ட்ரையல். காலையில் ட்ரையல், அது முடிந்ததும் அதே விமானம் பினாங்குக்குப் போக வேண்டும். பினாங்குப் பயணிகள் அப்போதே கொட்டகையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, இரண்டு தோட்டத் துரைகள், குடை பிடித்த ஒரு வெள்ளைக்கார மதாம்.

அன்று எஞ்சின்களை நான் பார்த்ததுபோல் என்றும் பார்த்ததில்லை. ஒவ்வொரு பிளக்கையும் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். என்மேல் ஒரு குறை சொல்ல யாருக்கும் இடம் இருக்கக் கூடாது. ஆ செங் புரொப்பல்லரைக் கையால் சுற்றிவிட்டான். இரண்டு எஞ்சினும் சுருதி சேர்ந்து ஓடின. புதுத் துரை உள்ளே உட்கார்ந்து என்னை எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தார்.

நான் ஸ்பேனர் பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மானேஜர் வேகமாக வந்தார். “நாயிக் லா, முத்து,” என்றார். ஏறு என்கிறார்.

“அக்ரிமெண்ட் இல்லாம ஏறமாட்டேன், துவான்,” என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். துவான் என்றால் துரை.

அவர் முகம் சிவந்தது. வேலை போய்விடும் என்றார். சரி என்றேன். ஆ செங்கைப் பார்த்து, நீ ஏறு என்றார். ஆ செங் எண்ணெய்த் துணியில் விரல் விரலாகத் துடைத்தான். அவசரமே இல்லை அவனுக்கு.

“எனக்கும் இல்லையே, துவான்,” என்றான்.

நாங்கள் இரண்டு பேரும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இதை எழுதும்போது அவன் பக்கத்து பெஞ்சில்தான் வேலை செய்துகொண்டிருக்கிறான். கேட்டால் அவனும் அப்படித்தான் சொல்வான்.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. புதுத் துரைக்கு மலாய் ஒரு சொல்லும் தெரியாது. அவர் கண்ணுக்குப் பட்டது ஒன்றே ஒன்று: எஞ்சினைப் பூட்டிய ஃபிட்டர்கள் இரண்டு பேரும் விமானத்தில் ஏற மறுக்கிறார்கள். சுவிட்சை அணைத்தார். பெல்ட்டைக் கழற்றினார். நிதானமாக இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். இந்த எஞ்சினில் என்ன கோளாறு என்று மானேஜரைக் கேட்டார்.

கோளாறு ஒன்றுமில்லை என்று மானேஜர் சொல்லச் சொல்ல, அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கொட்டகையில் தவுக்கே எழுந்து நின்றுவிட்டார். மதாம் குடையை மடக்கிவிட்டார். ரயிலில் போனால் பினாங்குக்கு எப்போது சேரலாம் என்று ஒரு தோட்டத் துரை கிராணியாரிடம் விசாரிப்பது காதில் விழுந்தது.

பெரிய கேப்டன் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். என் பக்கம் பேசவில்லை, மானேஜர் பக்கமும் பேசவில்லை. ஃபிட்டர் ஏறாவிட்டால் ட்ரையல் இல்லை, தான் கப்பலேறும்வரை இந்தத் திடலின் வழக்கம் தன்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைப்பைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

5. ஊர் எது?

மானேஜர் கிராணியாரைக் கூப்பிட்டார். டைப் அடி, சீக்கிரம் என்றார்.

இருந்தது பைலட்டுகளின் ஃபாரம் ஒன்றுதான். கிராணியார் ‘பைலட்’ என்ற இடத்தில் எக்ஸ் எக்ஸாக அடித்து, மேலே ‘ஃபிட்டர்’ என்று போட்டார். சம்பள இடத்தில் என் சம்பளம். மற்றதெல்லாம் அப்படியே. ரிட்டயர் ஆனதும் ஊருக்கு அனுப்பும் பாராவுக்கு வந்ததும் கை நின்றது. இதையும் அடித்துவிடவா என்று மானேஜரைக் கேட்டார். மானேஜரின் கண் கொட்டகையில் இருந்தது. எதையாவது போடு, நேரமாகிறது என்றார்.

கிராணியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஊர் எண்டு என்னத்தைப் போட? தஞ்சாவூரோ, திருச்சியோ?”

அப்பா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்ததில்லை. அங்கே என்னைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. என் ஊரில் ரயில் ஊதினாலே மணி என்ன என்று தெரியும். அங்கே சலவைக்கடைக்குப் பின்னால் ஏழாம் மாதத்து வயிற்றோடு ஒருத்தி சோறு வடித்துக்கொண்டிருப்பாள்.

“பிரிக்பீல்ட்ஸ் போடுங்க, அண்ணே.”

அவர் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தித் தட்டினார். அடுத்து ஆ செங்குக்கு அடித்தார். அவன், கோலாலம்பூரிலேயே இருக்கும் புடு என்றான்.

இரண்டிலும் மானேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். என் காகிதத்தை வாங்கிப் படித்தவர் பெரிய கேப்டன்தான். அந்தப் பாராவில் அவர் மீசை அசைந்தது.

“பிரிக்பீல்ட்ஸா? இங்கேயிருந்து சைக்கிளிலேயே போகலாமே, முத்து.”

“தினமும் அப்படித்தான் போறேன், துவான். ஆனா கடைசி நாளு கம்பெனிதான் கொண்டுபோய் விடணும்.”

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

காகிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்து, மேலே பொத்தான் போட்டுக்கொண்டு ஏறினேன். புதுத் துரைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூன்று சுற்று. வேகத்தைக் குறைத்து ஒரு சறுக்கல். கடைசியில் குட்டைப் பக்கம். காற்று எங்களைத் தூக்கியது, வழக்கம்போல் கைவிட்டது. துரை பதறவில்லை. த்ராட்டிலை முரட்டுத்தனமாகத் தள்ளாமல், குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல் எஞ்சினைத் தாங்கிக் கொண்டுவந்து புல்லில் வைத்தார்.

எஞ்சின் என்ன சொன்னது என்று கேப்டன் கேட்டார். இந்த ஆளை வைத்துக்கொள்ளச் சொல்கிறது என்றேன். அன்றைக்கே அவருக்கும் அக்ரிமெண்ட் போட்டார்கள். அதே ஃபாரம், அதே டைப் மெஷின், அதே நீல மை.

பினாங்குப் பயணிகள் ஏறினார்கள். தவுக்கே மட்டும் படியில் கால் வைக்குமுன் என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

6. துறைமுகம்

பெரிய கேப்டனை வழியனுப்ப போர்ட் சுவிட்டன்ஹாமுக்கு நான் போனேன். அவருடைய அக்ரிமெண்டின்படி கம்பெனி எடுத்துக்கொடுத்த முதல் வகுப்பு டிக்கட் அவர் கையில் இருந்தது. ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். வாலிபத்தில் விட்டு வந்த ஊர், இப்போது ஒருவரும் இல்லை என்றார். ஃபாரத்தில் ஏதாவது ஊர் போட வேண்டுமே என்று போட்டாராம். கை கொடுத்தார். மேலே ஏறிப் போனார். கப்பல் நகர்ந்தபின்னும் அந்த அணைந்த பைப்பு தெரிந்துகொண்டிருந்தது. நல்ல மனிதர். அவர் கையெழுத்துப் போட்ட நாளில் ஊர் எது என்று நின்று கேட்க ஒரு கிராணியார் அவருக்கு வாய்க்கவில்லை.

திடலுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேட்க வேண்டியதை ஏறுவதற்கு முன்னால், கீழே நிற்கும்போதே கேளுங்கள். கேட்கப்போகிற நாளில் வேலையில் ஒரு குறையும் வைக்காதீர்கள். இப்போது ஃபிட்டர்களுக்கென்று தனி ஃபாரம் வந்துவிட்டது. அதில் ஊருக்கு அனுப்பும் பாரா இல்லை. அது எங்கள் இரண்டு பேரிடம் மட்டும்தான் இருக்கிறது.

தெய்வானைக்குப் பெண் பிறந்தது. அக்ரிமெண்ட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குக் கொஞ்சம் கீழே மாட்டியிருக்கிறாள். அதற்கும் கீழே, சுவரோரம், முக்காலி போட்டு ஓர் இடம் ஒழித்து வைத்திருக்கிறாள். என்ன வைக்க என்று கேட்டேன்.

“ஒங்க ஸ்பேனர் பொட்டிக்குத்தான். கடைசி நாளு கம்பெனி காருல வந்து எறங்குவீங்கள்ல, நீங்களே கொண்டாந்து வைங்க.”