கமராவுக்கு மேல் ஒரு சிரட்டை

பேய்ப்படம் பார்த்துப் பயப்படுகிறவர்களை நான் பெரியவர்கள் கணக்கில் சேர்த்ததேயில்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவன். எதற்கும் நிறுவல் கேட்டே பழகிவிட்டது. நம்முடைய படங்களில் வருகிற பேய்களைப் பாருங்கள். வெள்ளைச் சேலை, முழங்கால் வரைக்கும் தலைமயிர், காலில் சலங்கை. ஆளைக் கொல்ல வருகிற ஒன்று சலங்கை கட்டிக்கொண்டு ஏன் வரவேண்டும்? எங்கள் கோப்பாய் ஒழுங்கையில் அந்த உடுப்போடு ஒருத்தி நடந்தால், இரண்டு வளவு தாண்டுவதற்குள் நாய்கள் சேலையைக் கிழித்துவிடும். இதையெல்லாம் படம் ஓடும்போதே சொல்லுவேன். அதனால் என்னோடு பேய்ப்படம் பார்க்க வீட்டில் ஒருவரும் சம்மதிப்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தாள் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நண்டுக்கறிச் சாப்பாடு முடிந்த கையோடு ரீவியில் ஒரு படத்தைப் போட்டாள். "அப்பா, இதிலை பேயே வராது. பாத்து முடிச்சிட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

அரை மணித்தியாலம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு வீட்டில் பூட்டியிருக்கிற கமராக்கள் பிடித்ததுதான் முழுப்படமும். மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. வீட்டுக்காரர்கள் நடிகர்கள் மாதிரியே இல்லை. கசங்கிய உடுப்போடு திரிகிறார்கள், கோப்பை கழுவுவது யார் என்று சண்டை பிடிக்கிறார்கள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று யோசிக்கிறார்கள். அந்தக் கடைசி வேலையை நானும் தினமும் செய்கிறேன். பிறகு எல்லோரும் வெளியே போய்விட, வெறும் ஹோல் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு சோபா, ஒரு மேசை, ஒரு கதிரை. பக்கத்தில் இருந்த என் மனைவி எப்போதோ நித்திரையாகிவிட்டாள். ஏதாவது நக்கல் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் கவனித்தேன், கதிரை முன்பிருந்த இடத்தில் இல்லை. எப்போது நகர்ந்தது? கண்ணை எடுக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை.

அதற்குப் பிறகு படம் முடியும்வரை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகள் படத்தை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

நான் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஹோல் எனக்குத் தெரிந்த ஹோல். மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற என் அக்காவின் வீட்டு ஹோல் அச்சொட்டாக அப்படித்தான் இருக்கும்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கனடாவுக்குப் போய் முப்பத்தைந்து வருடமாகிறது. வயதுபோன காலத்தில் ஊரோடு வந்திருப்பதென்று அத்தானும் அவளும் சேர்ந்து கட்டிய இரண்டு மாடி வீடு அது. வீடு குடிபுகுந்த அடுத்த வருடம் அத்தான் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா வருடத்தில் ஒரு மாதம் வந்து நிற்பாள். மிச்சப் பதினொரு மாதமும் வீடு என் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் அரைவாசிப் பேருக்கு இப்படி ஒரு வெளிநாட்டு வீடு வாய்த்திருக்கிறது. காலை ஆறு மணிக்குப் போய் யன்னல்களைத் திறந்து, பூமரங்களுக்குத் தண்ணீர் விடவேண்டும். பின்னேரம் போய் லைற் போடவேண்டும். குடியில்லாத வீடென்றாலும் பொழுதுபட்டால் இருண்டு கிடக்கக்கூடாது.

வீட்டில் ஆளில்லை, ஆனால் நாலு கமராக்கள் இருக்கின்றன. கேற்றடியில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, பின்வளவில் ஒன்று, ஹோலுக்குள் ஒன்று. படம் மட்டுமல்ல, குரலும் போகும், குரலும் வரும். கிணற்றடியில் நிற்கும்போது, "தம்பி, உந்த வாழைக்குலை முத்திட்டுதெல்லே, வெட்டன்" என்று மேலேயிருந்து அக்கா கதைப்பாள். தேங்காய் பிடுங்க வந்த மனிதர் ஒருநாள் இந்தக் குரலைக் கேட்டுப் பாதி மரத்தில் நின்று கும்பிட்டார். நான் "ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு மெல்ல நழுவிவிடுவேன். இத்தனை வருடம் வகுப்பு நடத்தியவனுக்கு மேற்பார்வை ஒத்துக்கொள்ளாது.

படம் பார்த்த அன்று பின்னேரம் லைற் போடப் போனேன். கதவைத் திறந்தால் கதிரை யன்னலடியில் நிற்கிறது. அது எப்போதும் மேசையடியில் நிற்கிற கதிரை.

நான் ஓடினேன். நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும் அல்லவா, ஓடினேன். ஒரு செருப்பு வாசலில் கிடக்க, மற்றதோடு எங்கள் குசினிக்குள் வந்து நின்றபோது போன் அடித்தது. அக்கா.

"ஏன் தம்பி உப்பிடி ஓடினனி?"

அடுப்பில் கறி இருந்தது, நினைவு வந்துவிட்டது என்றேன். நான் அடுப்படிக்கே போகாதவன் என்பது அக்காவுக்குத் தெரியாதா என்ன, போனை வைத்துவிட்டாள். காலையில் ஒட்டறை அடிக்கும்போது கதிரையை இழுத்துப் போட்டது தான்தான் என்று பிறகு மனைவி சொன்னாள். அறிவு ஏற்றுக்கொண்டது, கால்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த மூன்று நாளும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, உரத்துத் தேவாரம் பாடியபடி அந்த ஹோலுக்குள் போய்வந்தேன். மேலே கமராவின் சிவப்புப் பொட்டு என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தது. பேய்கூடப் பரவாயில்லை. அறுபது வயதுத் தம்பி தேவாரம் பாடிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பதைக் கனடாவிலிருந்து அக்கா பார்க்கிறாளே, அதுதான் பொறுக்கமுடியவில்லை. ஒரு மனிதனைத் தனியாகவாவது பயப்பட விடவேண்டும்.

நாலாம் நாள் ஏணியை வைத்து ஏறினேன். அரைத் தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கமராவுக்கு மேல் கவிழ்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. விழாமல் சைக்கிள் ரியூப் துண்டால் கட்டினேன்.

அரை மணித்தியாலத்தில் போன் வந்தது. ஹோல் கமரா இருட்டாக இருக்கிறதாம். சிட்டுக்குருவி கூடு கட்டிவிட்டது என்றேன். வாயில் வந்தது அதுதான். ஆனால் இதைவிடப் பாதுகாப்பான பொய் எங்கள் குடும்பத்தில் இல்லை. வீட்டுக்குள் குருவி கூடு கட்டினால் நல்லது, கலைக்கக்கூடாது. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது சாமிப் படம் ஒன்றுக்குப் பின்னால் குருவி கூடு கட்டியது. குஞ்சு பறக்கும்வரை அந்தச் சாமிக்குப் பூ இல்லை. கமராவா பெரிது? "தொடாதை, அப்பிடியே விடு" என்றாள் அக்கா.

ஆனால் ஒரு பொய்க்கு ஒன்பது பொய் வேண்டும். மறுநாள் காலையே அக்கா முட்டை இட்டுவிட்டதா என்று கேட்டாள். ஒரு கிழமை கழித்து, மூன்று என்றேன். என்ன நிறம் என்றாள். மகளிடம் போனில் தேடச் சொல்லி, சாம்பல் வெள்ளையில் மண்ணிறப் புள்ளி என்றேன். எத்தனை நாளில் பொரிக்கும் என்பதையும் கேட்டறிந்து கலண்டரில் குறித்துவைத்தேன். நாள் வந்ததும் இரண்டு குஞ்சுதான் பொரித்தது, ஒரு முட்டை கூழாகிவிட்டது என்றேன். அந்தப் பேய்ப்படத்தில் நான் படித்த பாடம் அது. சின்னச் சின்னக் காரியங்கள் சரியாக இருந்தால் பெரிய பொய்யை ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மூன்றும் பொரித்திருந்தால் சினிமா; ஒன்று கூழானால்தான் வாழ்க்கை.

அக்கா அந்தக் கூழ்முட்டைக்காக "சிச்சி" என்று கவலைப்பட்டபோது எனக்கு ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனாலும், உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. தினமும் காலையில் பத்து நிமிடம் குருவிக்கதை. கதை குருவியில் தொடங்கி வேறெங்கெங்கோ போகும். சாமிப் படத்துக் குருவிக்கு யார் அரிசி போட்டது என்று சண்டை பிடித்தோம். அவளுடைய முழங்கால் நோவு, சறுக்குகிற பனி, கார் ஓடுவதை விட்டுவிட்டது, பிள்ளைகள் வேறு ஊர்களுக்கு மாறிப்போனது எல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நாலு கமரா இருந்தும் இவ்வளவு நாளும் நான் அவளைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு மாதம் ஆகப்போகிறது. ஒருநாள் காலை மனைவி தேத்தண்ணீரை முன்னால் வைத்துவிட்டு என்னருகில் இருந்தாள். "இஞ்சருங்கோ, அந்தக் குஞ்சுகளை இனிப் பறக்க விடுங்கோ. மச்சாள் பாவம்" என்றாள். என்ன பாவம் என்று கேட்டேன். முந்தின நாள் அக்காவோடு கதைத்தபோது தெரியவந்ததைச் சொன்னாள். எங்களுக்குக் காலை ஆறு மணி என்றால் அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அக்கா போனை மேசையில் உப்புப் போத்தலோடு சாய்த்துவைத்து, அந்த ஹோலைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவாளாம். நான் யன்னல் திறப்பது, பூவாளி தேடுவது, தனியே ஏதாவது முணுமுணுப்பது எல்லாம் அவளுக்குத் தெரியுமாம், கேட்குமாம். வீட்டில் ஆள் நடமாட்டத்தோடு சாப்பிடுகிற மாதிரி இருக்குமாம். கூடு கட்டியபிறகு கேற்றடிக் கமராவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாளாம். அதில் ஒழுங்கை நாய்கள்தான் தெரியும்.

தேத்தண்ணீரைத் தள்ளிவைத்தேன். அப்படியே எழும்பிப் போய் ஏணியைச் சாய்த்து, ரியூப்பை அவிழ்த்துச் சிரட்டையைக் கழற்றினேன். சிவப்புப் பொட்டு என் மூக்குக்கு நேரே எரிந்தது. இறங்க முதலே குரல் வந்தது.

"குஞ்சு பறந்திட்டுதோ?"

"ஓம் அக்கா. இரண்டும் இண்டைக்குக் காலமை பறந்திட்டுது."

கோப்பையில் கரண்டி படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி, அண்டைக்கு நீ சிரட்டையோடை ஏணியிலை ஏறினதை நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

கமராவை மூடப்போகிறவனைக் கடைசிவரை கமரா பார்க்கும். இதை நிறுவ உயர்கணிதம் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாதம் முட்டைக்கு நிறம் தேடியவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப ஏன் அக்கா நாள் தவறாமல் குருவியைக் கேட்டனீங்கள்?"

"வாழைக்குலையைக் கேட்டால் நீ ஓம் எண்டிட்டுப் போயிடுவாய். குருவியைக் கேட்டால் பத்து நிமிஷம் நிண்டு கதைக்கிறாய்."

ஏணியில் நின்றபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தமுறை அதையும் அவள் பார்த்தாள். அந்த வெறும் ஹோலில் யாரோ இருக்கிறார்கள் என்று நான் பயந்தது சரிதான். இருந்தது என் அக்கா. அவளுக்கு மேல்தான் நான் சிரட்டையைக் கவிழ்த்திருக்கிறேன்.

"இறங்கி வா" என்றாள். "நான் சாப்பிட்டு முடியுமட்டும் உந்தக் கதிரையிலை கொஞ்சம் இரு."

இறங்கினேன். யன்னலடியில் இருந்த கதிரையை நானே இழுத்துக் கமராவுக்கு நேரே போட்டு, அதில் இருந்தேன்.

"என்ன கறி அக்கா?" என்று கேட்டேன்.