இரண்டாம் வகுப்பின் காவல் நிலையம்

1. வேடத்துக்கு ஆள் இல்லை

காவலர் வேடம் போட ஒரு குழந்தையும் முன்வரவில்லை. தபால்காரர் பைக்காக அடிதடியே நடந்தது. மருத்துவர், பேருந்து நடத்துநர், கொத்தனார் ஆகிய பதவிகளும் மணியடித்த சற்று நேரத்தில் நிரம்பிவிட்டன. காக்கித் தாளை வெட்டி ஒட்டி நான் செய்துவைத்திருந்த போலீஸ் தொப்பி மட்டும் மேசைமேல் கிடந்தது. யார் காவலர் என்று கேட்டபோது வகுப்பே தரையைப் பார்த்தது. சன்னலோரம் இருந்த இருவர் அவ்வழியே வெளியேறவும் செய்தனர்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. புலவர் தேர்வில் வென்று, இலக்கணம் கற்பிக்கும் கனவோடு இருந்த எனக்கு அரசு அளித்தவை ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். அவையும் ஒரே அறையில். டிரெய்னிங்கில் புராஜெக்ட் முறை என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு மையப்பொருள். படிப்பும் கணக்கும் பாட்டும் கைவேலையும் அதனைச் சுற்றியே வரவேண்டும். அவ்வார மையப்பொருள் ‘நமக்கு உதவுவோர்’. லெசன் பிளானில் தபால்காரருக்கு அடுத்த வரியிலேயே காவலரை எழுதியிருந்தேன். அதை எழுதும்போது, ஊரில் நடப்பதை நான் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும்.

ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. அறுவடைக் கூலியை உயர்த்தும்வரை அரிவாளைத் தொடுவதில்லை என்றது கூலிக்காரர் சங்கம். வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொள்வோம் என்றனர் மிராசுதார்கள். புதிய ஆட்சியில் எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும் என்று சுவர்களில் எழுதியிருந்தது. முதலில் கிடைத்தது வெளி மாவட்டத்துப் போலீஸ் முகாம். அவர்கள் வீடு புகுந்து பானைகளை உருட்டியதைப் பார்த்த பிள்ளைகள்தாம் என் மாணவர்களுள் பெரும்பாலோர். சங்கத்தை நடத்திய வீரையன்மேல் வாரண்டு இருந்தது. அவர் எங்கே உறங்குகிறார் என்பது அவர் மனைவிக்கே தெரியாது என்று பேச்சு. அவருடைய மகள் அஞ்சலை, இரண்டாம் வகுப்பு.

அந்த அஞ்சலைதான் எழுந்து நின்றாள்.

“டீச்சர், நான் போலீசா இருந்தா யாரப் புடிக்கணும்னு நாந்தான சொல்லணும்?”

“ஆமாம்.”

“நான் புடிச்சவங்கள வேற யாரும் புடிக்கக் கூடாதுல்ல?”

தொட்டுப்பிடித்து விளையாடும் பிள்ளைகளின் விதி அது. நான் யோசியாமல் ஒப்புக்கொண்டேன்.

“அப்பன்னா தொப்பியக் குடுங்க.”

2. சிறையில் தலைமையாசிரியர்

வகுப்பறையின் ஒரு மூலையில் தென்னங்கீற்றுகளைக் கட்டிச் சிறை எழுப்பினோம். மறு மூலை அஞ்சலகம், வேப்பிலைகளே கடிதங்கள். அஞ்சலையின் ஆட்சி கடுமையானது. ஊசி வலித்ததற்காக மருத்துவரைப் பிடித்தாள். கடிதம் தாமதமானதற்காகத் தபால்காரரைப் பிடித்தாள். உள்ளே எத்தனை பேர், விடுதலையானோர் எத்தனை பேர் என்று கூட்டலும் கழித்தலும் நன்றாகவே நடந்தன. வியாழனன்று, பிரம்பு வைத்திருந்த குற்றத்துக்காகத் தலைமையாசிரியரே கீற்றுக்குப் பின்னால் அமரவேண்டியதாயிற்று.

“டி.ஐ. வந்து ஹெட்மாஸ்டர் எங்கன்னு கேட்டா, நான் இதுக்குள்ளேருந்தா டீச்சர் பதில் சொல்றது?” என்றார் அவர். நல்ல மனிதர், அச்சம் மட்டும் சற்று அதிகம். டி.ஐ. எனப்படும் பள்ளித் துணை ஆய்வாளரின் மிதிவண்டி மணியை ஒரு கல் தொலைவிலேயே அடையாளம் காண்பார்.

3. வெள்ளிக்கிழமை

வாரக் கடைசியில் பெற்றோர் வந்து பார்ப்பது வழக்கம். தாய்மார்கள் வந்து சுவரோரம் அமர்ந்தனர். சிறிது நேரத்தில், பின்பக்கத்து வாய்க்கால் கரை வழியாக ஒருவர் வந்து வாசலில் தயங்கி நின்றார். தாய்மார்களின் பேச்சு அப்படியே நின்றது. யாரென்று எனக்கு விளங்கவில்லை. அஞ்சலை ஓடிச்சென்று அவர் கையைப் பற்றியபோதுதான் விளங்கிற்று. வீரையனின் மீசை அந்த வட்டாரத்தில் பெயர்பெற்றது. அதை மழித்துவிட்டிருந்தார். மகள் போலீசாகியிருப்பதை யாரோ சொல்லியனுப்ப, பார்க்காமலிருக்க முடியாமல் வந்துவிட்டார்.

தலைமையாசிரியர் என் காதருகே வந்தார். “டீச்சர், என் வேலைக்கு உல வச்சிடாதீங்க. அவரப் போவச் சொல்லுங்க.”

நான் சொல்வதற்குள் அஞ்சலை தன் தந்தையைக் கைது செய்து, கீற்றுக்குப் பின்னால் உட்காரவைத்து, இடுப்பில் சணல் கயிறும் கட்டிவிட்டாள். திருடனுக்கு மீசை வேண்டும் என்று வகுப்பு குரலெழுப்பியது. அவள் அடுப்புக்கரி எடுத்து வரைந்தாள். இடப்பக்க மீசை காதுவரை சென்றது. வலப்பக்க மீசை கன்னத்தின் பாதியிலேயே நின்றுவிட்டது.

பிழையைக் கண்டால் திருத்தாமல் இருக்க இயலாதவள் நான். ஈரத் துணியும் வேறொரு கரித்துண்டும் எடுத்துக்கொண்டு சிறையை நோக்கி நடந்தேன். பாதி வழியில் வாசலில் பூட்ஸ் ஓசை கேட்டது.

வெளி மாவட்டத்து முகாமின் ஏட்டு ஒருவரும் காவலர் இருவரும். குடிசைகள் எல்லாம் காலியாகக் கிடக்கவே, ஆட்களைத் தேடி இங்கே வந்திருந்தனர். “வீரையன்னு ஒருத்தன். மீச காது வரைக்கும் இருக்கும். இந்தப் பக்கம் வந்தானா?” என்று ஏட்டு கேட்டார். தலைமையாசிரியர் சுவரில் தொங்கிய தேசப்படத்தில் எதையோ தேடத் தொடங்கினார். அவரைத் தவிர, அறையில் இருந்த வளர்ந்த ஆண் ஒருவரே. ஏட்டு கீற்றை நோக்கிச் சென்றார்.

“இவன் யாரு?”

காகிதத் தொப்பியோடு அஞ்சலை குறுக்கே நின்றாள். “எங்க ஸ்டேஷன் திருடன். நாந்தான் புடிச்சேன்.”

“என்ன கேசு?”

“தேங்கா.”

ஏட்டின் மீசை இலேசாக அசைந்தது. அவர் கீற்றின் இடைவெளியில் கையை நுழைத்து, வீரையனின் மேலுதட்டை விரலால் தேய்த்தார். கரி வந்தது, அதன் கீழே வழுவழுப்பான தோல் இருந்தது.

“யாரு வரஞ்சது?”

“நாந்தான்.”

“ஒரு பக்கம் காதுக்குப் போவுது, ஒரு பக்கம் பாதியிலயே நின்னுடுச்சே?”

“கரி தீந்துபோச்சு. நான் புடிச்சவங்கள வேற யாரும் புடிக்கக் கூடாது. டீச்சர் சொல்லியிருக்காங்க.”

ஏட்டு என்னைப் பார்த்தார். “ஆமாங்க, அது எங்க வகுப்பு விதி” என்றேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

அவர் உரக்கச் சிரித்துவிட்டார். விரலிலிருந்த கரியைத் திருடனின் துண்டிலேயே துடைத்தார். “நாம தேடுற ஆளும் இப்புடி மீசயோட ஒக்காந்திருந்தா வேல சுளுவா முடிஞ்சிருக்கும்” என்று தம் காவலர்களிடம் சொல்லிக்கொண்டே திரும்பினார். வாசலில் எங்கள் தபால்காரன் அவரை மறித்து ஒரு வேப்பிலையை நீட்டினான். அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதன்பின் வீரையனை வெளியே கொண்டுவருவதுதான் கடினமாயிற்று. தண்டனை இன்னும் முடியவில்லை என்றாள் அஞ்சலை. மதிய உணவை ஒரே தட்டில் வாங்கி, கீற்றின் இப்புறம் அவளும் அப்புறம் அவருமாக உண்டனர். தட்டை அவளிடம் தள்ளிவிட்டு அவர், “ஏட்டம்மா, காலு மரத்துப்போச்சு. கொஞ்சம் நீட்டிக்கவா?” என்று கேட்டார்.

“நீட்டிக்க” என்று அனுமதி வழங்கப்பட்டது.

மாலையில் அவர் வாய்க்கால் கரை வழியே மறைந்தார். பின்னர் கூலி பேசி முடிந்தது, வழக்கும் கைவிடப்பட்டது, மீசையும் பழையபடி வளர்ந்தது. லெசன் பிளானில் ‘விளைந்த பயன்’ என்ற கட்டத்தில், ‘காவலர் நமக்கு உதவுவதை மாணவர்கள் நேரிற் கண்டனர்’ என்று எழுதினேன். டி.ஐ. அதைப் படித்து, ‘நன்று’ என்று குறித்தார்.

இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. குழந்தை வரைந்ததைத் திருத்த உங்கள் கை துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். இன்னும் அரை நிமிடம் கிடைத்திருந்தால், நான் அந்த மீசையை இருபுறமும் ஒழுங்காக வரைந்து, வீரையனை வீரையனாகவே ஏட்டிடம் ஒப்படைத்திருப்பேன்.