மைக் மேடமும் வெளியார் மேஜையும்

"சத்தம் போடாதீங்க!" என்று அவர் போடும் சத்தத்தில்தான் அந்த நூலகத்தில் பலருக்குத் தூக்கம் கலைகிறது. மூன்றாவது அலமாரிக்குப் பின்னால் இரண்டு மாணவர்கள் கிசுகிசுத்ததற்கு இந்தத் தண்டனை. அந்தக் கிசுகிசு அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் கேட்டிருக்காது. கண்டிப்போ, வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருப்பவருக்கும் கேட்டிருக்கும். கத்தி முடித்ததும், தன் மேஜைமேல் நிற்கும் 'அமைதி காக்கவும்' என்ற மரப் பலகையை விரல் நகத்தால் டொக் டொக் என்று தட்டிக் காட்டுவார். அதுவும் நன்றாகவே கேட்கும்.

சட்டக் கல்லூரி நூலகத்தின் பொறுப்பாளர் அவர். நியமன உத்தரவில் இருக்கும் பதவிப் பெயர் ஒரே மூச்சில் சொல்ல முடியாத நீளம். மாணவர்கள் அதை 'மைக் மேடம்' என்று சுருக்கிக்கொண்டார்கள். அது அவருக்கும் தெரியும். "மைக்குக்காவது கரண்ட் வேணும். எனக்கு அதுவும் வேணாம்" என்று தானே சொல்லிச் சிரிப்பார். இந்தக் குரலுக்கு அவர் பொறுப்பேற்பதில்லை. மாமியாருக்குக் காது மந்தம். "கல்யாணமாகி வந்த அன்னிக்கு நான் புறா மாதிரி பேசுவேன். ஒரு டம்ளர் தண்ணி வேணுமான்னு அவங்களைக் கேட்டுக் கேட்டே இப்படி ஆயிட்டேன். அவங்களைப் பத்தி மெதுவா ஏதாவது முணுமுணுத்தா மட்டும் டாண்ணு கேட்டுடும்!"

ஐம்பதைத் தாண்டியவர். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒன்று. இரண்டும் இருக்க, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். நூலகத்துக்குள் தின்பண்டம் கூடாது என்பதில் கறாரானவர். 'பழுது பார்க்க வேண்டியவை' என்று எழுதிய அவருடைய இழுப்பறையில் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். சட்டங்களை எண்ணாலும் ஆண்டாலும் சொல்லாமல் உறவு முறையால் சொல்வது அவர் வழக்கம். சொத்துச் சட்டம் பெரியப்பா: வயசானவர், பிடிவாதக்காரர், உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். வரிச் சட்டம் சம்பந்தி: எவ்வளவு செய்தாலும் குறை. வாடகைச் சட்டம் நாத்தனார். "நேத்து சொன்னத இன்னிக்குச் சொல்ல மாட்டா. காலையில எந்திரிச்சதும் இன்னிக்கு என்ன சொல்றான்னு போய்ப் பாத்துட்டுத்தான் அடுத்த வேலை."

அப்படிப் போய்ப் பார்ப்பதுதான் பல வருடங்களாக அவருடைய காலை வேலையாக இருந்தது. அரசிதழில் ஒரு திருத்தம் வந்தால் அந்தப் பகுதியைக் கத்தரித்து, சட்டப் புத்தகத்தில் மாறிய பிரிவின்மேல் பசை தடவி ஒட்டுவார். ஒட்டி ஒட்டிப் புத்தகங்கள் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி புடைத்திருக்கும். இதில் அவருக்கு ஏதோ தெய்வீக ஈடுபாடு என்று நினைத்து ஒரு பேராசிரியர் பாராட்டப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். "அந்தப் பசை நாத்தம் எனக்குப் பிடிக்கும்னு உங்களுக்கு யார் சார் சொன்னா? சோறு திங்கறப்பகூட விரல்ல ஒட்டிட்டிருக்கு."

கல்லூரிக்கு இணையவழிச் சட்டத் தொகுப்பு வேண்டும் என்று கேட்டதும் அவரேதான். ஒரு முதல்வர் போய் இன்னொரு முதல்வர் வரும்வரை கேட்டார். கூட்டத்தில் கேட்டார், படிக்கட்டில் மறித்துக் கேட்டார். ஒரு பணி ஓய்வு விழாவில், மாலையும் கழுத்துமாக நின்றவரிடம் போய், "போறதுக்கு முன்னாடி ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க" என்றும் கேட்டார். கடைசியில், இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் வந்துவிட்டது. கூடவே புதிய கணினி அறை, முதுகைத் தாங்கும் நாற்காலிகள், புத்தகத்தை நாமே பதிந்து எடுத்துக்கொள்ள ஒரு இயந்திரம். புத்தகம் எடுத்தவுடன் அந்த இயந்திரம் தேன் குழைத்த பெண் குரலில் "நன்றி" என்கிறது. மைக் மேடம் அதைச் சுற்றி வந்து ஏற இறங்கப் பார்த்தார். "யாரு இவ, என் சக்களத்தியா?"

வாசலில் இருக்கும் 'நூலகச் செய்திகள்' பலகையில் மாதாமாதம் அவர் கையெழுத்தில் புதுவரவுகள் இடம்பெறும். அந்த மாதம் எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'இனி ஒட்டு வேலை இல்லை!!' இரண்டு ஆச்சரியக் குறிகளும் அவருடையவை. இரட்டைச் செலவு எதற்கு என்று அலுவலகம் அரசிதழ் வாங்குவதை நிறுத்தியது. பசை டப்பாவை அவரே குப்பைக் கூடையில் போட்டார். கொஞ்சம் தூரத்தில் நின்று, குறி பார்த்துப் போட்டார்.

தப்பு நடந்தது அங்கேதான்.

நூலக வாசலை ஒட்டி ஒரு பழைய மேஜை உண்டு. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து, அடையாள அட்டை இல்லாத யாரும் பகல் வேளையில் அங்கே உட்கார்ந்து சட்டம் படிக்கலாம். பெயர் 'வெளியார் மேஜை'. அண்ணனோடு சுவர்த் தகராறு உள்ளவர் வருவார். விவாகரத்து ஆனால் குழந்தையை யாரிடம் விடுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு பெண் வருவார். பாதிச் சம்பளத்தோடு வேலையிலிருந்து அனுப்பப்பட்ட காவலாளி வருவார். மைக் மேடம் இவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்: "நான் வக்கீல் இல்ல. புத்தகம் எடுத்துக் குடுப்பேன். படிக்கிறது உங்க பாடு." சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வார். தப்பான பக்கத்தைப் புரட்டினால் அவருக்கு இருமல் வரும். சரியான பக்கம் வரும்வரை இருமல் நிற்காது.

புதிய தொகுப்பு கல்லூரிக்காரர்களுக்கு மட்டும். வெளியார் மேஜைக்கு அதே பழைய புத்தகங்கள்தான். ஒட்டு நடக்கிற புத்தகத்துக்கும் ஒட்டு நின்றுபோன புத்தகத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி புடைத்திருக்கும். இரண்டும் ஒரே தைரியத்தோடு பேசும். சட்டம் கற்பிக்கிற ஒரு கட்டடத்தில் இது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பலகையில் ஆச்சரியக் குறி போட்டவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு தையற்காரர் வந்துகொண்டிருந்தார். மாடிப்படிக்கு அடியில் கடை. அளவு நாடா எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். படிக்கும்போது அதை வரிக்குக் கீழே நீட்டி வைத்துக்கொள்வார். கடையைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் நோட்டீஸ் விட்டிருந்தார். வக்கீல் வைக்க வசதியுள்ள கடையாக இருந்தால் அது மாடிப்படிக்கு அடியில் இருந்திருக்காது. அதனால் நாத்தனாரைத் தானே வரி வரியாகப் படித்து, தானே மனு எழுதி, சட்டை போட்டு டக் இன் செய்துகொண்டு நீதிமன்றத்துக்குப் போனார்.

போன மாதத்தில் ஒரு நாள் திரும்பி வந்தார். மனுவை வாங்க மறுத்துவிட்டார்களாம். முதலில் சமரச மன்றத்தில் கொடுக்க வேண்டும், இப்போதெல்லாம் அதுதான் முறை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அங்கே கொடுக்காவிட்டால் கடைக்குப் பூட்டு.

கோபமாக வந்திருந்தால் மைக் மேடத்துக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. "நான்தான் தப்பாப் படிச்சுட்டேன் போலிருக்கும்மா. எங்க தப்பு விட்டேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். "செல்லுலயும் தேடிப் பாத்தேன். ஆளுக்கொண்ணா போட்டிருக்காங்க. அதான் உங்க புத்தகத்தையே நம்பிட்டேன்."

நாடாவை அதே வரிக்குக் கீழே வைத்தார். மைக் மேடம் குனிந்து படித்தார். தன் கணினியில் அதே பிரிவைத் திறந்து படித்தார். மறுபடி புத்தகத்தைப் படித்தார். தையற்காரர் சரியாகத்தான் படித்திருந்தார். புத்தகம்தான் தப்பாக இருந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. என்ன ஆயிற்று என்று படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த நூலகத்தில் அவ்வளவு அமைதி இருந்து யாரும் பார்த்ததில்லை.

பிறகு, "இங்கயே இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு முதல்வர் அறைக்குப் போனார். முதல்வர் நீதி எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதைப் பாடமாகவே நடத்துகிறவர். அந்தத் தலைப்பில் நடந்த கருத்தரங்கின் பதாகை இன்னும் அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. தொகுப்பை விற்ற நிறுவனத்தின் பிரதிநிதியும் டை கட்டிக்கொண்டு எதிரே இருந்தார். இந்த உரையாடலைத் தெரிந்துகொள்ள ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நூலகத்தில் உட்கார்ந்திருந்தாலே போதுமானதாக இருந்தது.

"சார், நம்ம புத்தகம் ஒரு மனுஷனத் தப்பான எடத்துக்கு அனுப்பிடுச்சு."

"கொஞ்சம் மெதுவா, மேடம்..."

"மெதுவாத்தான் சார் பேசறேன். இதுக்குக் கீழ எனக்கு வராது. வெளியார் மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர் போடுங்க. இன்னிக்கே."

பிரதிநிதி இனிமையாகச் சிரித்தார். "சந்தா ஸ்டூடண்ட்ஸுக்கும் ஸ்டாஃபுக்கும்தான் மேடம். வெளியாளுங்களுக்கு ஸ்க்ரீன் காட்டக் கூடாது, பிரிண்ட் எடுத்துக் குடுக்கக் கூடாது, பாஸ்வேர்ட் குடுக்கக் கூடாது. மீறினா காலேஜ் மொத்தத்துக்கும் கட் பண்ணிடுவோம்."

"தம்பி, அதுல இருக்கிற சட்டத்த எழுதினது உங்க கம்பெனியா?"

"இல்ல மேடம். அரசாங்கம்."

"யாருக்கு எழுதினாங்க?"

பிரதிநிதி பயிற்சியில் இந்தக் கேள்வி சொல்லிக் கொடுக்கப்படவில்லை. முதல்வர் உதவிக்கு வந்தார். "உணர்ச்சிவசப்படாதீங்க மேடம். இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. அந்த மேஜையையே எடுத்துடலாமே? பசங்க உக்காந்து பேச ரெண்டு சோபா போடலாம்னு ஏற்கெனவே ஒரு யோசனை இருக்கு."

"பாலம் ஒடைஞ்சு ஒருத்தர் விழுந்துட்டார்னு சொல்றேன். ரோட்டையே எடுத்துடலாம்கிறீங்க!"

"அப்படி இல்ல..."

"வேற எப்படி சார்? சட்டம் தெரியாதுன்னு சொன்னா கோர்ட்டு ஒத்துக்காது. தெரிஞ்சுக்கிறேன்னு வந்தா நாம ஒத்துக்கல. அந்த ஆளு எங்கதான் போவாரு? ஒட்டு வேலைய நிறுத்தினது நான்தான். பலகையில எழுதிக் கொண்டாடினதும் நான்தான். என்னை என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா அவருக்கு வெள்ளிக்கிழமை!"

"எழுத்துல குடுங்க மேடம். லீவு முடிஞ்சதும் கமிட்டில வைக்கிறேன்."

விடுமுறை முடிவதற்குள் பல வெள்ளிக்கிழமைகள் வந்துபோகும். நீதி எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிற பதாகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல முடிகிறது என்றால், பதாகையை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பதை யோசித்துத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

மைக் மேடம் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. தலைக் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டப் போய், அங்கே ஏற்கெனவே ஒன்று இருப்பதைக் கண்டு எரிச்சலோடு மேஜைமேல் போட்டார். தையற்காரர் எழுந்து நின்றார். "பரவால்லம்மா, எனக்காக நீங்க போய் யார்கிட்டயும்..."

"உக்காருங்க. காகிதம் இருக்கா?"

"இருக்கும்மா."

"பேனா?"

தையற்காரர் சட்டைப் பையிலிருந்து துணியில் கோடு போடும் பென்சிலை எடுத்துக் காட்டினார். அது போதாது என்று மைக் மேடம் தன் பேனாவை வெளியார் மேஜைவரை கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பழைய மேஜைக்கும் தன் நாற்காலிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கண்ணால் ஒரு முறை அளந்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

விதிகளை மீறுவது அவர் சுபாவம் இல்லை. கணினித் திரை வெளியாருக்குத் தெரிந்துவிடாதபடி அதைச் சுவர்ப் பக்கமாக நன்றாகத் திருப்பி வைத்தார். கடவுச்சொல்லை அடிக்கும்போது, பார்க்க யாருமில்லாவிட்டாலும், இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டார். அச்சு இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். வாடகைச் சட்டத்தைத் திறந்து, திருத்தப்பட்ட பிரிவுக்கு வந்து, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். முதல்வர் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. மாணவர்கள் புத்தகங்களை மூடிவிட்டார்கள்.

"எழுதிக்கறீங்களா அண்ணே?"

"எழுதிக்கறேம்மா."

மைக் மேடம் 'அமைதி காக்கவும்' பலகையை எடுத்தார். அதன்மேல் இருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் மெல்லத் துடைத்தார். மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.